வைஃபைக்குப் புதிய அலைக்கற்றை: யார் திறக்கிறார்கள், எப்படித் திறக்கிறார்கள்?

கோலாலம்பூரில் செந்தூலிலோ பிரிக்பீல்ட்ஸிலோ அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்கள் இரவு எட்டு மணிக்கு மேல் அடிக்கடி சொல்வது, "லைன் சரியில்லை". பழி உடனே இணையச் சேவை நிறுவனத்தின் மேல் விழும். அடுத்த மாதம் 100 எம்பிபிஎஸ் திட்டத்தை 300க்கு மாற்றுவார்கள். கட்டணம் கூடும். எட்டு மணிக்குக் காணொளி பழையபடி நின்று நின்று ஓடும்.

பல வீடுகளில் வாசல் வரை வரும் ஃபைபர் கம்பி நன்றாகவே வேலை செய்கிறது. மோடத்துக்கும் கைப்பேசிக்கும் நடுவில் இருக்கும் சில மீட்டர் காற்றில்தான் நெரிசல். அந்தக் காற்றில் யார் பேசலாம், எவ்வளவு உரக்கப் பேசலாம் என்பதை அரசுகளின் விதிகள் தீர்மானிக்கின்றன. 2020இல் தொடங்கி அந்த விதிகள் நாடு நாடாக மாறி வருகின்றன. மலேசியாவில் 2022இல் மாறின. நமக்கு நேரடியாகப் பயன்படும் மாற்றம் இது. ஆனால் வாட்ஸ்அப் குழுக்களில் வரும் செய்திகளிலோ வைஃபை, 5ஜி, 6ஜி, 6 கிகாஹெர்ட்ஸ் எல்லாம் ஒன்றாகக் குழைந்து கிடக்கின்றன. அதனால் அடிப்படையிலிருந்தே பார்ப்போம்.

## அதிர்வெண், அலைக்கற்றை, அலைவரிசை

வானொலி அலை ஒரு விநாடியில் எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்பதே அதன் அதிர்வெண். ஒரு முறை என்றால் ஒரு ஹெர்ட்ஸ், பத்து லட்சம் முறை என்றால் ஒரு மெகாஹெர்ட்ஸ், நூறு கோடி முறை என்றால் ஒரு கிகாஹெர்ட்ஸ். இந்த எண்ணில் தொடர்ச்சியாக நாம் எடுத்துக்கொள்ளும் ஒரு பகுதி அலைக்கற்றை. அந்த அலைக்கற்றையைப் பங்கு பிரித்து ஒரு கருவி ஒரு நேரத்தில் பயன்படுத்தும் துண்டு அலைவரிசை.

அளவு புரிய ஓர் உதாரணம். மின்னல், ராகா உட்பட நாம் கேட்கும் எஃப்எம் நிலையங்கள் அத்தனையும் சுமார் 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ள இடத்தில் அடங்கிவிடுகின்றன. மொத்தம் 20 மெகாஹெர்ட்ஸ். வைஃபையில் மிகச் சிறிய சாதாரண அலைவரிசை ஒன்றுக்கே அந்த 20 வேண்டும். குரலும் பாட்டும் கேட்கும் இடத்தைவிட, காணொளியும் கோப்புகளும் கேட்கும் இடம் பல மடங்கு பெரிது.

பெயர்க் குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். வீட்டு மோடம் காட்டும் பெயரின் முடிவில் '5ஜி' என்று இருந்தால் அது 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை. கைப்பேசி நிறுவனம் விற்கும் 5ஜி, ஐந்தாம் தலைமுறை கைப்பேசிச் சேவை. இரண்டுக்கும் தொடர்பில்லை. அதேபோல் 6 கிகாஹெர்ட்ஸ் வைஃபை வேறு, இனிமேல் வரவிருக்கும் 6ஜி வேறு.

## தாமானில் மூன்று திடல்கள்

ஒரு தாமானில் மூன்று திடல்கள் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். முதல் திடலைக் காற்பந்துக் கிளப் ஒன்று பணம் கட்டி எடுத்திருக்கிறது. சுற்றிலும் வேலி, வேறு யாரும் நுழைய முடியாது. இரண்டாவதில் குறிப்பிட்ட மூலையில் குறிப்பிட்ட வேலைக்கு நகராண்மைக் கழகத்திடம் அனுமதி வாங்க வேண்டும். மூன்றாவது எல்லாருக்கும் பொது. பெயர் பதிய வேண்டாம், பணம் கட்ட வேண்டாம். ஆனால் வாசலில் பலகை இருக்கும்: கனமான பந்து கூடாது, பக்கத்து வீட்டுக் கண்ணாடிக்குச் சேதம் வரக் கூடாது. அடுத்த குழு வந்து பாதித் திடலைப் பிடித்துக்கொண்டால் நீங்கள் யாரிடமும் முறையிட முடியாது.

மலேசியச் சட்டத்தில் இருப்பது ஏறக்குறைய இதே மூன்றுதான். 1998ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின்படி அலைக்கற்றையை நிர்வகிப்பது மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம். செய்திகளில் எம்சிஎம்சி என்று வருவது அதுதான். முதல் வகை அலைக்கற்றை ஒதுக்கீடு: கைப்பேசி நிறுவனம் போன்ற ஒருவருக்கு ஓர் அலைக்கற்றையைப் பயன்படுத்தும் உரிமை கிடைக்கிறது. இரண்டாவது கருவி ஒதுக்கீடு: இந்தக் கருவியை இந்த அதிர்வெண்ணில் இயக்கலாம் என்று தனித்தனியாகத் தரும் அனுமதி. மூன்றாவது வகுப்பு ஒதுக்கீடு: விதிக்கு உட்பட்ட கருவியாக இருந்தால் யார் வேண்டுமானாலும் தனி உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம். வைஃபை, புளூடூத் எல்லாம் இந்த மூன்றாம் வகை.

சுருக்கமாக: வைஃபைக்குப் புதிய அலைக்கற்றையைத் திறப்பது என்றால், இன்னும் ஒரு பகுதியை மூன்றாம் வகைக்குள் கொண்டுவருவது. அந்த அலைகள் முன்பும் இருந்தன. மாறுவது அனுமதி.

## முதல் பொதுத் திடல் ஏன் இவ்வளவு சிறியது?

வைஃபை பிறந்த இடம் 2.4 கிகாஹெர்ட்ஸ். அது வைஃபைக்காக ஒதுக்கிய இடமே இல்லை. 1947இல் அமெரிக்காவின் அட்லாண்டிக் நகரில் நடந்த உலக மாநாடு சில அதிர்வெண்களைத் தொழில், அறிவியல், மருத்துவக் கருவிகளுக்கென ஒதுக்கி வைத்தது. சமையலறை மைக்ரோவேவ் அடுப்பு 2.45 கிகாஹெர்ட்ஸில் இயங்குவதும் அதனால்தான். எப்படியும் இரைச்சல் நிறைந்த இடம், தகவல் தொடர்புக்கு உதவாது என்று கருதப்பட்ட மூலை அது.

1985இல் அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் அங்கே உரிமம் இல்லாமல் வானொலிக் கருவிகளை இயக்க அனுமதித்தது. இரைச்சலைத் தாங்கக்கூடிய முறையில் குறிகையை, அதாவது சிக்னலை, பரப்பி அனுப்ப வேண்டும் என்பது நிபந்தனை. அந்த அனுமதியிலிருந்துதான் 1997இல் வைஃபையின் முதல் தரநிலை வந்தது. யாருக்கும் வேண்டாத மூலையிலிருந்து உலகத்துக்கே பயன்படும் ஒன்று முளைத்தது என்பதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்வதில்லை. பொதுவுக்கென்று ஓர் இடத்தை ஒதுக்கி வைத்தால் என்ன நடக்கும் என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது.

ஆனால் அந்த இடத்தின் மொத்த அகலம் 83.5 மெகாஹெர்ட்ஸ். மோடத்தில் 13 அலைவரிசை எண்கள் தெரியும்; அவை ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்பவை. ஒன்றையொன்று தொடாமல் இயங்கக்கூடியவை 1, 6, 11 என்று மூன்றே மூன்று.

## இரவு எட்டு மணிக்கு என்ன நடக்கிறது?

ஒரு அலைவரிசையில் ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேச முடியும். அதனால் ஒவ்வொரு வைஃபைக் கருவியும் அனுப்புவதற்கு முன் கேட்கும். வேறு யாராவது பேசிக்கொண்டிருந்தால் காத்திருக்கும். காலியானதும் மிகச் சிறிய ஒரு நேரம், தற்செயலாகத் தேர்ந்த அளவு, பொறுத்துவிட்டு அனுப்பும். இரண்டு கருவிகள் ஒரே கணத்தில் அனுப்பிவிட்டால் இரண்டு தகவலும் கெட்டுப்போகும், திரும்ப அனுப்ப வேண்டும்.

இதில் பலர் கவனிக்காத விஷயம், இந்த வரிசை உங்கள் வீட்டோடு முடிவதில்லை. மேல்மாடி வீடு, கீழ்மாடி வீடு, எதிர் வீடு எல்லாம் அதே அலைவரிசையில் இருந்தால் அவர்களுக்காகவும் உங்கள் கைப்பேசி காத்திருக்கும். கடவுச்சொல் வேறாக இருக்கலாம், நிறுவனம் வேறாக இருக்கலாம், காற்று ஒன்றுதான். ஒரு மாடியில் எட்டு வீடு என்றால் இருபது, முப்பது பெயர்கள் கைப்பேசியில் தெரிகின்றன. அத்தனை பேரும் மூன்று அலைவரிசைகளில் நிற்கிறார்கள்.

இன்னும் ஒன்று. தூரத்தில் இருக்கும் கருவியும் பழைய கருவியும் மெதுவாகப் பேசும். அதே அளவு தகவலுக்கு அதிக நேரம் எடுத்துக்கொள்ளும். அந்த நேரம் முழுவதும் மற்றவர்கள் சும்மா இருக்க வேண்டும். படுக்கையறைக் கோடியில் இருக்கும் ஒரு பழைய டேப்லெட் மொத்த வீட்டையும் மந்தமாக்குவது இப்படித்தான்.

நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை காலத்தில் பிள்ளைகளுக்கு இல்லிருப்புக் கற்றல், பெற்றோருக்கு வீட்டிலிருந்தே வேலை என்று எல்லா மாடியும் ஒரே நேரத்தில் வைஃபையில் இருந்தபோது இதை அனுபவித்தோம். ஆசிரியர் குரல் பாதியில் நின்றது எல்லா நேரமும் கம்பியின் குற்றம் அல்ல. திட்டத்தின் வேகத்தை 100இலிருந்து 300 ஆக்கினால் கம்பியில் இடம் கூடும். காற்றில் உள்ள வரிசை அப்படியே இருக்கும். அதைக் குறைக்க அலைவரிசைகள் அதிகம் வேண்டும். அதற்கு அலைக்கற்றை வேண்டும்.

## 5 கிகாஹெர்ட்ஸ்: ரேடாருக்கு வழிவிட்டு

அடுத்த இடம் 5 கிகாஹெர்ட்ஸில் கிடைத்தது. 2003இல் ஜெனீவாவில் கூடிய உலக வானொலி மாநாடு அங்கே 455 மெகாஹெர்ட்ஸை வைஃபை போன்ற சேவைகளுக்கு ஏற்றுக்கொண்டது. அந்த மாநாட்டை நடத்துவது ஐநாவின் அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியம். மூன்று, நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நாடுகள் கூடி எந்த அதிர்வெண் எதற்கு என்று பேரம் பேசும் இடம் அது.

அங்கே ஏற்கெனவே ரேடார்கள் இருந்தன, அவற்றில் வானிலை ரேடாரும் ஒன்று. அதனால் ஒரு நிபந்தனை வந்தது. ரேடார் இருக்கும் பகுதியில் மோடம் பேசத் தொடங்கும் முன் குறைந்தது ஒரு நிமிடம் கேட்க வேண்டும். நடுவில் ரேடார் குறிகை தெரிந்தால் பத்து விநாடிக்குள் விலக வேண்டும், அரை மணி நேரம் அந்தப் பக்கம் வரக் கூடாது. மோடத்தை அணைத்துப் போட்டதும் 5 கிகாஹெர்ட்ஸ் பெயர் மட்டும் தாமதமாகத் தோன்றினால், அது கெட்டுப்போகவில்லை, காத்திருந்து கேட்கிறது.

இது வரை: முதலில் யாருக்கும் வேண்டாத இடத்தைக் கொடுத்தார்கள். பிறகு வேறொருவர் இருக்கும் இடத்தில், அவருக்கு இடைஞ்சல் செய்யாதே என்று சொல்லிக் கொடுத்தார்கள். 6 கிகாஹெர்ட்ஸ் இரண்டாவது வழியின் தொடர்ச்சி.

## 6 கிகாஹெர்ட்ஸில் யார் குடியிருக்கிறார்கள்?

நாம் பேசும் பகுதி 5925 முதல் 7125 மெகாஹெர்ட்ஸ் வரை, மொத்தம் 1200. அங்கே முக்கியமாக இரண்டு பேர் நீண்ட காலமாக இருக்கிறார்கள். ஒன்று, கோபுரத்திலிருந்து கோபுரத்துக்குத் தட்டு வைத்து நேர்கோட்டில் தகவல் அனுப்பும் நுண்ணலை இணைப்புகள். இன்னொன்று, தரையிலிருந்து செயற்கைக்கோளுக்கு மேல்நோக்கி அனுப்பும் குறிகைகள்.

செயற்கைக்கோள் விஷயம் நம் நாட்டுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே முக்கியம். அடைமழை கொட்டும்போது கூரைத் தட்டில் வரும் டிவி படம் உடைந்து போவதை எல்லாரும் பார்த்திருக்கிறோம். அந்தச் சேவை சுமார் 12 கிகாஹெர்ட்ஸில் வருகிறது. அவ்வளவு உயர்ந்த அதிர்வெண்ணில் மழைத்துளிகள் அலையை நன்றாகவே உறிஞ்சுகின்றன. 4, 6 கிகாஹெர்ட்ஸ் அளவில் மழையின் பாதிப்பு மிகக் குறைவு. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் மழையோடு வாழும் நாடுகள் தடங்கல் கூடாத இணைப்புகளுக்கு இந்தப் பகுதியை விரும்புவதற்குக் காரணம் இதுதான். நம் மியாசாட் செயற்கைக்கோள்களிலும் இந்தப் பகுதிக்கான கருவிகள் இருக்கின்றன. ஆகவே இங்கே வைஃபையை விடுவதற்கு முன் யோசிக்கத்தான் வேண்டும். யோசிக்கிறார்கள் என்பதற்காக ஆணையத்தைத் தாமதம் என்று திட்டுவது சரியல்ல.

## சுவரையே வேலியாக்குவது

அவர்களை வெளியேற்றாமல் எப்படித் திறப்பது? திடலுக்குத் திரும்பினால், பள்ளிக்கூடத்துக்குச் சொந்தமான நிலத்தில் பிள்ளைகளை விளையாட விடுகிறோம். கண்ணாடி உடையாதபடி இலேசான பந்து மட்டும். வைஃபையில் இலேசான பந்து என்பது குறைந்த சக்தி.

ஐரோப்பிய விதியை எடுத்துக்கொள்வோம். கட்டடத்துக்குள் மட்டும் இயங்கும் மோடத்துக்கு 200 மில்லிவாட் வரை. வெளியிலும் கொண்டுபோகக்கூடிய சிறு கருவிகளுக்கு 25 மில்லிவாட் மட்டும். வீட்டுக்குள் இருக்கும் 200 மில்லிவாட், கற்சுவரையும் கூரையையும் கடந்து வெளியே வரும்போது மிகவும் தேய்ந்துவிடுகிறது. கோபுரத் தட்டுக்கோ சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் செயற்கைக்கோளுக்கோ அது பெரிய இடைஞ்சல் ஆகாது என்பதுதான் கணக்கு. அமெரிக்கா இன்னும் ஒரு படி மேலே போனது: கட்டடத்துக்குள் வைக்கும் மோடத்தில் கழற்றி மாட்டக்கூடிய ஆண்டெனா கூடாது, பேட்டரியில் ஓடக் கூடாது, மழை தாங்கும் உறை கூடாது. யாராவது அதை வெளியே கொண்டுபோய் வைக்கும் ஆசையே வரக் கூடாது என்று வடிவத்திலேயே கட்டிப்போட்டார்கள். வெளியில் அதிக சக்தியில் இயக்க வேண்டுமென்றால், அந்த இடத்தில் எந்த அதிர்வெண் காலி என்று ஒரு தரவுத்தளத்தைக் கேட்டுவிட்டுத்தான் மோடம் பேசலாம்.

அமெரிக்கா 2020 ஏப்ரலில் முழு 1200 மெகாஹெர்ட்ஸையும் திறந்தது. ஏற்கெனவே அங்கே இணைப்புகள் வைத்திருந்தவர்கள் வழக்குப் போட்டார்கள். 2021 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆணையத்தின் முடிவைப் பெரும்பாலும் ஏற்றுக்கொண்டது. தென்கொரியாவும் 2020இலேயே முழுவதையும் திறந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2021இல் கீழ்ப்பகுதியில் 480 மெகாஹெர்ட்ஸை மட்டும் திறந்தது. மலேசியா 2022இன் வகுப்பு ஒதுக்கீட்டில் 5925 முதல் 6425 வரை, அதாவது கீழ்ப்பாதியைச் சேர்த்தது.

இந்தக் கீழ்ப்பாதியில் நமக்குக் கிடைப்பது என்ன? 20 மெகாஹெர்ட்ஸ் அகல அலைவரிசைகள் 24. அகலத்தைக் கூட்டிக்கொண்டால் 80 மெகாஹெர்ட்ஸில் ஆறு, 160இல் மூன்று. வைஃபை 7 தரநிலை கொண்டுவந்த 320 மெகாஹெர்ட்ஸில் ஒன்றே ஒன்று. அகலம் இரண்டு மடங்கானால் வேகமும் ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆனால் ஒவ்வொரு முறை அகலமாக்கும்போதும் பக்கத்து வீட்டுக்குக் கிடைக்கும் இடம் குறைகிறது. அடுக்குமாடியில் இருப்பவர் 320ஐத் தேடி ஓடுவது எனக்குப் புத்திசாலித்தனமாகத் தெரியவில்லை. 80 போதும்.

உயர்ந்த அதிர்வெண் சுவரைத் தாண்டாது என்று குறையாகச் சொல்வார்கள். உண்மைதான், அடுத்த அறைக்கே மெலிந்துவிடும். ஆனால் அடுக்குமாடியில் அதுவே நன்மை. உங்கள் சத்தம் மேல்மாடிக்குப் போவதில்லை, அவர்கள் சத்தம் உங்களிடம் வருவதில்லை. அதோடு பழைய, மெதுவான கருவி எதுவும் 6 கிகாஹெர்ட்ஸில் இல்லை. எல்லாம் புதியவை, வேகமாகப் பேசிவிட்டு இடத்தைக் காலி செய்பவை.

## மேல்பாதியில் நடக்கும் இழுபறி

6425 முதல் 7125 வரை உள்ள 700 மெகாஹெர்ட்ஸ்தான் இப்போது சண்டைக்குரிய இடம். வைஃபைக் கருவி செய்பவர்கள் அது பொதுவாக இருக்கட்டும் என்கிறார்கள். கைப்பேசி நிறுவனங்கள் தங்களுக்கு உரிமத்தோடு வேண்டும் என்கின்றன. 2023 இறுதியில் துபாயில் நடந்த உலக வானொலி மாநாட்டில் ஐரோப்பா, ஆப்பிரிக்கா, மத்தியக் கிழக்கு அடங்கிய பகுதிக்கு இந்த 700ஐயும் கைப்பேசிச் சேவைக்குரியதாக அடையாளம் காட்டினார்கள். நாம் இருக்கும் ஆசிய பசிபிக் பகுதிக்கு மேல்நுனியில் 7025 முதல் 7125 வரை. அதற்குக் கீழே உள்ளதைச் சில நாடுகள் மட்டும் ஏற்றன. அடையாளம் காட்டுவது கட்டளை இல்லை. ஒவ்வொரு நாடும் தன் முடிவைத் தானே எடுக்கலாம். சீனா 2023இலேயே மேல்பாதியைக் கைப்பேசிச் சேவைக்கு ஒதுக்கிவிட்டது.

கைப்பேசி நிறுவனங்களின் வாதத்தைப் பேராசை என்று தள்ளிவிட முடியாது. தைப்பூசத்தன்று பத்துமலையில் நின்று ஒரு படம் அனுப்பிப் பார்த்தவர்களுக்கு, உரிமம் உள்ள அலைக்கற்றையும் நிரம்பி வழியும் என்பது தெரியும். ஆனால் நாம் வீட்டிலும் பள்ளியிலும் அலுவலகத்திலும் செலவழிக்கும் தகவலில் பெரும்பங்கு வைஃபை வழியாகத்தான் போகிறது. அதைப் பயன்படுத்த யாரும் மாதாமாதம் அலைக்கற்றைக் கட்டணம் கட்டுவதில்லை. ஏலத்தில் விற்றால் அரசுக்குப் பணம் வரும், பொதுவாக விட்டால் வராது. கணக்குப் புத்தகத்தில் ஒன்று தெரியும், மற்றது தெரியாது. தெரியாத அந்தப் பயனையும் எடைபோட வேண்டும் என்பதே என் கருத்து. கீழ்ப்பாதியில் ஒரே ஒரு 320 அலைவரிசைதான். முழுவதும் கிடைத்தால் மூன்று.

## கடைக்குப் போகும்போது

புதிய அலைக்கற்றை தானாக வீட்டுக்குள் வராது. மோடமும் கைப்பேசியும் இரண்டுமே 6 கிகாஹெர்ட்ஸைப் புரிந்துகொள்ள வேண்டும். பெட்டியில் 'வைஃபை 6இ' என்று இருந்தால் 6 கிகாஹெர்ட்ஸ் உண்டு. 'வைஃபை 6' என்று மட்டும் இருந்தால் கிடையாது. 'வைஃபை 7' என்று எழுதியும் 6 கிகாஹெர்ட்ஸ் இல்லாத மலிவான மோடங்கள் விற்பனையில் உண்டு. மூன்று அலைக்கற்றைகளும் உள்ளதா என்று கடைக்காரரிடம் கேட்டு வாங்குங்கள்.

அப்புறம், தரச் சோதனை நிறுவனமான சிரிம் சோதித்துத் தரும் எம்சிஎம்சி முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். வெளிநாட்டுக்காகச் செய்த மோடத்தை இணையத்தில் மலிவாக வாங்கினால், இங்கே அனுமதியில்லாத மேல்பாதியில் அது பேசக்கூடும். வகுப்பு ஒதுக்கீடு விதிக்கு உட்பட்ட கருவிக்கு மட்டுமே பொருந்தும்.

மோடத்தை டிவி அலமாரிக்குள் மூடி வைக்காமல், அதிகம் புழங்கும் அறையில் திறந்த இடத்தில் வையுங்கள். டிவி, மேசைக் கணினி போன்ற நகராத பொருள்களைக் கம்பியில் இணைத்துவிடுங்கள். அவை காற்றின் வரிசையிலிருந்தே விலகிவிடும், மேல்மாடிக்காரருக்கும் அதில் கொஞ்சம் நேரம் மிச்சமாகும்.